எச்சில் பரிசோதனையில் தெரியவந்த அக்கா: முதல் மடலில் எதை எழுதுவது?

கரையோரம்:

அனைவருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.

வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் டிஎன்ஏ பரிசோதனை செய்தேன். முன்னோர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். முடிவு வந்ததும் முன்னோர் வரைபடத்தைப் பார்த்தேன், அப்புறம் உறவினர் பட்டியலைத் திறந்தேன். முதல் வரியிலேயே நான் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர். 1,790 செண்டிமார்கன் (இருவரும் பகிரும் டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொருத்தம். "நெருங்கிய குடும்பம்" என்று போட்டிருக்கிறது. வயது என் வயதை ஒட்டியே காட்டுகிறது, இருவருமே நாற்பதுகளில்.

அப்பா இப்போது இல்லை. அம்மா இருக்கிறார். எனக்கு ஒரு தம்பி. அந்தப் பெண்ணிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை, நானும் எழுதவில்லை. தினமும் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். பரிசோதனையில் தவறு நடந்திருக்க வாய்ப்பு உண்டா? அவருக்கு எழுதலாமா? அம்மாவிடம் சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலேணி:

வணக்கம் தோழி. முதலில் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெளிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பெற்றோரும் பிள்ளையும் பகிர்வது ஏறக்குறைய 3,400 முதல் 3,500 செண்டிமார்கன். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் சராசரியாக 2,600. உங்கள் 1,790 அதில் அடங்காது. அது நாலில் ஒரு பங்கு டிஎன்ஏ. நாலில் ஒரு பங்கைப் பகிரும் உறவுகள் சில உண்டு: அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் பொதுவாக இருக்கும் உடன்பிறப்பு, தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையும், அத்தை சித்தி மாமா சித்தப்பா முறை உள்ளவர்களும் அவர்களுடைய உடன்பிறப்பின் பிள்ளைகளும். இவை எல்லாவற்றுக்கும் சராசரி 1,750-ஐ ஒட்டித்தான் வரும். அதனால் எண்ணை மட்டும் வைத்து இன்ன உறவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிளெய்ன் பெட்டிங்கர் என்பவர் ஆயிரக்கணக்கான பேரிடம் எண்களைச் சேகரித்து ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். டிஎன்ஏ பெயின்டர் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் அந்த அட்டவணைப்படி எந்தெந்த உறவு பொருந்தும் என்று காட்டும்.

வயதைச் சேர்த்துப் பார்த்தால் பாட்டி, பேத்தி கழிந்துவிடும். உங்களுக்கு இருப்பது தம்பி மட்டும் என்றால் அவருடைய மகள் உங்கள் வயதில் இருக்க வழியில்லை. தாத்தா பாட்டிக்கு மிகத் தாமதமாகப் பிறந்த அத்தை அல்லது சித்தி என்றால் பொருந்தலாம். அது இல்லையென்றால் உங்களுக்கு ஒரு சகோதரி.

தவறு நடந்திருக்குமா என்று கேட்டீர்கள். பத்துப் பதினைந்து செண்டிமார்கன் தற்செயலாகப் பொருந்துவது உண்டு. 1,790 தற்செயலாக வராது. மாதிரிக் குப்பிகள் இடம் மாறியிருந்தால் மட்டுமே தவறு. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: பட்டியலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்து, எண்ணும் சரியாக இருந்தால், மாதிரி உங்களுடையதுதான்.

தென்றல்வழி:

அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பனிமலர்:

கரையோரம், இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் யாரும் சொல்லாமல் நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட இங்கே படிப்பது நல்லது. எல்லோரும் இது உங்கள் அப்பாவின் கதை என்றே எடுத்துக்கொள்கிறோம். வேறு வழியும் இருக்கிறது. உங்களை வளர்த்த அப்பா உங்களைப் பெற்றவர் இல்லை என்றாலும் இதே 1,790 வரும்.

நான் தானம் பெற்ற விந்தணுவில் பிறந்தவள். இப்படி ஒரு பட்டியலைத் திறந்துதான் தெரிந்துகொண்டேன், முப்பது வயதுக்கு மேல். ஒன்றல்ல, ஒரே அளவில் பல பெயர்கள் இருந்தன. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் கொடுத்தவர்கள் பெயர் தெரியாமல் இருக்க முடியாது என்று சட்டம் மாறிவிட்டது, அப்படிப் பிறந்த பிள்ளைகள் 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு முன் பிறந்த பலருக்கு இந்த எச்சில் குப்பிதான் வழி.

உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. அப்பா பக்கத்து உறவினர் யாராவது பட்டியலில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

கரையோரம்:

பனிமலர், படித்ததும் கை நடுங்கிவிட்டது, ஆனாலும் நீங்கள் சொன்னதற்கு நன்றி. உடனே போய்ப் பார்த்தேன்.

என் அத்தை மகன் பட்டியலில் இருக்கிறான். அவனும் இதே தளத்தில் பரிசோதனை செய்திருப்பது எனக்குத் தெரியாது. 884 செண்டிமார்கன். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுவான உறவினர்கள் என்று தளம் காட்டும் பட்டியலிலும் அவன் இருக்கிறான். அவனுக்கும் அவருக்கும் 910 என்று காட்டுகிறது. அம்மா வழியில் தூரத்து உறவினர்கள் சிலர் எனக்கு வருகிறார்கள், அவர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை.

நூலேணி, இதற்கு என்ன அர்த்தம்?

நூலேணி:

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் தெளிவாகின்றன.

ஒன்று, மாதிரி உங்களுடையதுதான். அத்தை மகனுக்கு 884 சரியான எண், அந்த உறவுக்குச் சராசரி 866.

இரண்டு, அவன் உங்கள் அப்பாவின் அக்கா அல்லது தங்கையின் மகன். அவனோடு இந்த அளவு பொருந்துகிறது என்றால் உங்கள் அப்பா உங்கள் அப்பாதான்.

மூன்று, அந்தப் பெண் அவனுக்கும் மாமா மகள் அளவிலேயே பொருந்துகிறார். அவர் தாத்தா பாட்டிக்குத் தாமதமாகப் பிறந்த பெண்ணாக இருந்தால் அவனுக்குச் சித்தி முறை, எண் 1,750 பக்கம் போயிருக்கும். அதனால் அந்த வாய்ப்பும் போய்விட்டது. பெரியப்பா சித்தப்பாவின் மகளாக இருந்தால் உங்களுக்கும் 870 பக்கம்தான் வந்திருக்கும், 1,790 வராது.

ஆக, அவர் உங்கள் அப்பாவின் மகள். நூற்றுக்கு நூறு என்று சொல்ல இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. அதற்கு அவருடைய ஒத்துழைப்பு வேண்டும்.

ஈரிலை:

நூலேணி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அப்பாவுக்கு அச்சு அசலாக ஒரே உருவில் இரட்டைச் சகோதரர் இருந்தால்? ஒரே கருவில் இருந்து வந்த இரட்டையரின் டிஎன்ஏ ஒன்றேதான். அவருடைய மகள் உறவு முறையில் பெரியப்பா மகள், பரிசோதனையில் அப்பாவின் மகள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு ஜோடி இருப்பதால் சொல்கிறேன். அம்மாவின் இரட்டையர் எனக்கு "அம்மா" என்றே பட்டியலில் வருகிறார்.

இன்னொன்று, தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில் எண்கள் கொஞ்சம் கூடிக்காட்டும். அத்தை மகனின் எண் சராசரியோடு ஒத்துப்போவதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை.

கரையோரம்:

அப்பாவுக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, அத்தை மட்டும்தான்.

அப்படியென்றால் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். அக்காவா தங்கையா என்றுகூட இன்னும் தெரியாது, ஆனால் மனதில் அக்கா என்றே வருகிறது.

பூட்டியகதவு:

நான் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இப்படி ஒரு அண்ணன் தெரியவந்தார். நீளமாக, உருக்கமாக ஒரு மடல் எழுதினேன், அப்பாவின் படங்களை இணைத்தேன். பதில் ஒரு வரி: "இனி எழுத வேண்டாம்." மறுநாள் அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. உறவினருக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியை அழுத்திவிட்டார். ரத்தம் ஒன்று என்பதால் மனமும் ஒன்றாகிவிடாது. எழுதுவதென்றால் எதையும் எதிர்பார்க்காமல் எழுதுங்கள். முடியாது என்றால் எழுதாமல் இருப்பதே மேல்.

வேர்முடி:

பூட்டியகதவு, உங்களுக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருப்பதே மேல் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

நான் பட்டியலின் அந்தப் பக்கத்தில் இருந்தவன். தத்துக் கொடுக்கப்பட்டவன். பெற்ற அம்மாவின் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. பரிசோதனை செய்த பிறகு நெருங்கிய உறவு என்று ஒருவர் வந்தார், என் அம்மாவின் தம்பி. நான் எழுதினேன். பதில் இல்லை. அவர் தளத்துக்கு வந்து போகிறார் என்பது மட்டும் தெரியும், கடைசியாக எப்போது வந்தார் என்று அந்தத் தளம் காட்டும். வருகிறார், படிக்கிறார், போகிறார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருக்கிறாரே என்று எத்தனை இரவு யோசித்தேன் தெரியுமா? கடைசியில் அவர் எழுதினார். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தாராம். ஒரு வரி, "உங்கள் மடல் கிடைத்தது, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்று போட்டிருந்தால் போதும், நான் அத்தனை நாள் அலைக்கழிந்திருக்க மாட்டேன்.

கரையோரம், அந்தப் பெண்ணும் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு எழுதத் துணியாமல் இருக்கலாம். உங்களுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அம்மா இருக்கிறார், அப்பாவின் நினைவுகள் இருக்கின்றன. அவருக்கு இருப்பது அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் மட்டுமாகவும் இருக்கலாம். கதவைத் திறக்க வேண்டியது வீட்டுக்குள் இருப்பவர்தான்.

சாம்பல்நிறம்:

நடுவில் வேறு ஒன்று. 2018-ல் கலிபோர்னியாவின் பழைய தொடர் கொலை வழக்கில் குற்றவாளியைப் பிடித்தது, டிஎன்ஏ தரவை ஏற்றி ஒப்பிடும் ஜிஇடிமேட்ச் போன்ற தளங்களில் அவருடைய தூரத்து உறவினர்களின் தரவை வைத்துத்தான். 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் போட்டது. பிரான்சில் இந்த வீட்டுப் பரிசோதனையே சட்டப்படி கூடாது. தரவை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஏற்றும் முன் யோசியுங்கள், உங்களோடு உங்கள் தம்பியின் தகவலும் சேர்ந்தே போகிறது.

நூலேணி:

சரியான எச்சரிக்கை. வேலை முடிந்ததும் ஏற்றிய தரவை நீக்கிவிடலாம். அதைத் தனி இழையில் விரிவாகப் பேசுவோம், இங்கே கரையோரத்தின் கேள்வியிலேயே இருப்போம்.

தென்றல்வழி:

வேர்முடி உருக்கமாக எழுதியிருக்கிறார். இருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி. அப்பா இதை வெளியே சொல்லாமலே போய்விட்டார். அவர் மறைத்ததை நாம் கிளறலாமா? அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லையே.

கரையோரம்:

அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்னொரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது, அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்பா மாரடைப்பில் போனார். அவருக்கு அப்போது 47 வயது. புகை, குடி எதுவும் கிடையாது, ஒல்லியான உடம்பு. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பல வருடம் கழித்து எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 240-க்கு மேல் இருந்தது. மருத்துவர் குடும்பக் கதையைக் கேட்டார், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். பரம்பரையாக வரும் அதிகக் கொழுப்பு என்று உறுதியானது. அம்மாவுக்குக் கொழுப்பு சாதாரண அளவுதான், ஆக அது அப்பா வழியில் வந்தது. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். தம்பிக்கும் பார்த்தோம், அவனுக்கு இல்லை.

இப்போது இந்தப் பெண். அவருக்கு இது தெரியுமா? தெரிய வழியே இல்லையே. அப்பா யாரென்றே தெரியாதவர் மருத்துவரிடம் குடும்பத்தில் யாருக்கு இதய நோய் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வார்?

மருந்தகல்:

நான் இதய நோய்ப் பிரிவில் வேலை செய்பவன், அதனால் இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் குறை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. அம்மா வேறு என்பதால் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் தம்பிக்கு வரவில்லை என்பதால் அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பு குறைந்துவிடவும் இல்லை. பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் எல்டிஎல் அதிகமாக ஓடுவதால் இளம் வயதிலேயே இதயக் குழாய் அடைக்கிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே பலர் இருப்பார்கள், முதல் அறிகுறியே மாரடைப்பாக வருவதும் உண்டு.

நல்ல செய்தி, கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் 190-ஐத் தாண்டினாலே மருத்துவர் இதை யோசிப்பார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நேரத்தோடு ஆரம்பித்தால் ஆபத்து பெருமளவு குறைகிறது. ஒருவருக்கு உறுதியானால் அவருடைய ரத்த உறவுகளை ஒவ்வொருவராகப் பரிசோதிக்கச் சொல்வது எங்கள் வேலையின் வழக்கமான பகுதி. அந்தப் பெண் உங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் உங்கள் மருத்துவரே அவரை அழைத்துவரச் சொல்லியிருப்பார்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பரிசோதனையின் உடல்நல அறிக்கையில் "எதுவும் காணப்படவில்லை" என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. இந்தக் குறைக்குக் காரணமான எல்டிஎல்ஆர் மரபணுவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. எச்சில் குப்பி அவற்றில் சிலவற்றைத்தான் தேடும்.

தென்றல்வழி:

நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். எழுதுங்கள் தோழி.

பூட்டியகதவு:

எழுதுங்கள், ஆனால் முதல் மடலிலேயே நோயைப் பற்றி எழுதினால் பயந்துவிடுவார். யாரோ ஒருவர் திடீரென்று வந்து உங்களுக்கு இதய நோய் வரலாம் என்றால் ஏமாற்று வேலை என்று நினைப்பார். முதலில் அறிமுகம், பதில் வந்ததும் இரண்டாவது மடலில் இது.

வேர்முடி:

பதில் வராவிட்டால் இரண்டாவது மடல் எங்கே? உங்களுக்கே ஒரு வரிப் பதிலோடு கதவு மூடிவிட்டது என்று சொன்னீர்கள். முக்கியமான செய்தி முதல் மடலிலேயே போய்விட வேண்டும்.

பூட்டியகதவு:

அதுவும் சரிதான். அப்படியானால் எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உறவை அவர் ஏற்றுக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அந்தச் செய்தி தனியாக நிற்க வேண்டும்.

கரையோரம்:

இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"வணக்கம். இந்தத் தளத்தில் நாம் இருவரும் நெருங்கிய உறவு என்று காட்டுகிறது. நீங்களும் கவனித்திருக்கலாம். என் அப்பா வழியில் உறவு என்று எனக்குத் தெரிகிறது, நீங்கள் என் அப்பாவின் மகளாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இது உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தால் மன்னியுங்கள். பதில் எழுத விருப்பம் இல்லையென்றாலும் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் அப்பா 47 வயதில் மாரடைப்பில் இறந்தார், எனக்கும் பரம்பரைக் கொழுப்பு நோய் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம், உடனே பரிசோதனை செய்யுங்கள்."

வேர்முடி:

மனதிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். சில இடங்களை மட்டும் மாற்றலாம்.

"அப்பாவின் மகளாக இருக்கலாம்" என்பதை எடுத்துவிடுங்கள். வளர்த்தவரைத்தான் அப்பா என்று அவர் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தால் முன்பின் தெரியாதவர் மடலில் அது உடையக் கூடாது. "என் அப்பா வழியில்" என்பதோடு நிறுத்துங்கள், மீதியை அவர் கேட்கட்டும்.

"எனக்கு வருத்தம் இல்லை" வேண்டாம். நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதுகிறீர்கள், காத்துக்கொண்டிருப்பவர் காதில் அது "நீ எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான்" என்று விழும். எனக்கு அப்படி ஒரு மடல் வந்திருந்தால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்" என்று எழுதுங்கள்.

"மன்னியுங்கள்" என்பதும் வேண்டாம். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை.

மருந்தகல்:

நோய் பற்றிய பகுதியை இப்படி எழுதலாம்: "எங்கள் அப்பா வழியில் சின்ன வயதிலேயே கொழுப்பு அதிகமாக இருக்கும் ஒரு பரம்பரைக் குறை இருக்கிறது. எனக்கு இருக்கிறது, மருந்தில் நன்றாக இருக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் சொல்லி ஒருமுறை எல்டிஎல் பார்த்துக்கொண்டால் போதும்." குறையின் முழுப்பெயரையும் உங்கள் பரிசோதனையில் வந்த மரபணு மாற்றத்தின் பெயரையும் தனி வரியில் போடுங்கள். அந்த வரியை அப்படியே மருத்துவரிடம் காட்டினால் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "உடனே" என்ற சொல் வேண்டாம். "நான் நன்றாக இருக்கிறேன்" என்பது அவசியம்.

நடுவயல்:

இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றி யாரும் இன்னும் சரியாகப் பேசவில்லை.

நான் அந்த அம்மாவின் இடத்தில் இருந்தவள். என் கணவருக்கு வேறொரு மகன் இருப்பது என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தெரியவந்தது. என் மனது புண்படும் என்று எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், என் கொழுந்தனார் வீட்டுக்குத் தெரியும். அந்தப் பையனைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு விசேஷத்தில் யாரோ வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. கணவர் செய்ததைவிட என் வீட்டில் என்னைச் சுற்றி எல்லோரும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கரையோரம், நோய் விஷயத்தை எழுதுவதற்கு அம்மாவின் அனுமதி தேவையில்லை, அதை அனுப்புங்கள். ஆனால் பதில் வந்து பேச்சு ஆரம்பித்துவிட்டால், தம்பியிடம் சொல்வதற்கு முன், அத்தை மகனிடம் கேட்பதற்கு முன், அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். தனியாக, நேரில், அவர் வீட்டில். அவர் கோபப்பட்டால் படட்டும். கடைசியில் தெரிந்துகொண்டவளாக அவரை ஆக்கிவிடாதீர்கள்.

பனிமலர்:

நடுவயல் அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். அப்புறம் ஒன்று, அப்பாவுக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்து மறைத்தார் என்று முடிவு கட்டிக்கொண்டு அம்மாவிடம் போகாதீர்கள்.

கரையோரம்:

மடலை நீங்கள் சொன்னபடி மாற்றி அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் தெரிந்தது, அவர் தளத்துக்கு வந்தே நெடுநாள் ஆகிறது.

நூலேணி:

அது சாதாரணம். பலர் முன்னோர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் திரும்பி வருவதே இல்லை. மடல் வந்தது என்று தளம் மின்னஞ்சலில் தெரிவிக்கும், அதுவும் விளம்பரங்களோடு கலந்து போய்விடும். கொஞ்ச காலம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, சுருக்கமாக, நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். வேறு வழியில் அவர் முகவரியைத் தேடிப் போவதும் வேண்டாம், அது எல்லை மீறல்.

கரையோரம்:

பதில் வந்துவிட்டது! கொஞ்சம் நிதானமான பிறகு எழுதுகிறேன் என்று காத்திருந்தேன்.

அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அப்பா அம்மா திருமணத்துக்கு முன்பே பிறந்தவர். அவருடைய அம்மா தனியாகவே வளர்த்திருக்கிறார், இப்போது இல்லை. அப்பா யார் என்று கேட்டபோதெல்லாம் "நல்ல மனிதர், அவருக்கு உன்னைப் பற்றித் தெரியாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், பெயரைச் சொன்னதே இல்லை. அந்தப் பெயருக்காகத்தான் பரிசோதனை செய்திருக்கிறார். முதலில் தூரத்து உறவினர்கள் மட்டும் வந்ததால் நம்பிக்கை இழந்து தளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாராம்.

மருந்தகல், உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குக் கொழுப்பு அதிகம் என்று முன்பே ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்பியதோடு சரி. குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்ற கேள்விக்கு "தெரியாது" என்று பதில் சொல்லியிருக்கிறார். இப்போது என் மடலில் இருந்த அந்த வரியைக் காட்டி மரபணுப் பரிசோதனைக்கு எழுதி வாங்கியிருக்கிறார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் பார்க்கப் போகிறார்கள்.

மருந்தகல்:

மிக்க மகிழ்ச்சி. மகளுக்கு இப்போதே பார்ப்பது மிகச் சரி, இந்தக் குறையைப் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே பார்த்துவிடச் சொல்வோம். முடிவு வரும்வரை காத்திருக்காமல் எல்டிஎல் அளவை வைத்தே மருந்தை ஆரம்பிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நூலேணி:

முன்பு சொன்ன கடைசிச் சோதனை, அவர் சம்மதித்தால் மட்டும். அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம். அதை மகள்களுக்குப் பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல் அப்படியே கொடுக்கிறார். அதனால் ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பெண்கள் எக்ஸ் முழுவதும், முனையிலிருந்து முனை வரை, பொருந்தியாக வேண்டும். நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால் அப்பா வேறு. இருவரும் மூலத் தரவை ஜிஇடிமேட்ச்-ல் ஏற்றினால் படமாகவே தெரியும். சாம்பல்நிறம் சொன்னதைப் படிக்காமல் ஏற்ற வேண்டாம் என்று அவரிடமும் சொல்லுங்கள்.

கரையோரம்:

அக்கா சம்மதித்தார். எக்ஸ் முழுவதும் ஒரே கோடாகப் பொருந்தியது. பார்த்துவிட்டு இருவரும் தரவை நீக்கிவிட்டோம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நடுவயல் அம்மா, நீங்கள் எழுதியபடியே, நேரில், தனியாக. தம்பிக்கு மறுநாள்தான் சொன்னேன். திருமணத்துக்கு முன் அப்பாவுக்கு ஒருவரோடு பழக்கம் இருந்தது அம்மாவுக்குத் தெரியும், குழந்தை தெரியாது. "அவர் தெரிஞ்சு விட்டுட்டு வந்தாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பாவுக்குத் தெரியாது என்று அக்காவின் அம்மா சொன்னதைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அக்காவை இப்போது பார்க்க விருப்பமில்லை என்றார், நான் பேசுவதைத் தடுக்கமாட்டேன் என்றும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

நடுவயல்:

அது போதும் இப்போதைக்கு. திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். எனக்கு அப்படிப் பதில் சொல்ல ஆள் இல்லை.

மணல்கடிகை:

இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கும் பட்டியலில் தெரியாத ஒருவர் வந்திருக்கிறார், 920 செண்டிமார்கன். என் அம்மா வழியில்தான். எனக்கு மாமா இல்லை, சித்தி பெரியம்மா இல்லை, அம்மா ஒரே பிள்ளை என்றுதான் தெரியும். இவர் யாராக இருக்கும்?

நூலேணி:

அம்மாவுக்கு உங்களுக்குத் தெரியாத உடன்பிறப்பு இருந்து அவருடைய பிள்ளையாக இருக்கலாம். அல்லது இவரே தாத்தா பாட்டி இருவரில் ஒருவருக்கு மட்டும் பிறந்து, அம்மாவுக்கு ஒரு பக்கத்து உடன்பிறப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் எண் இதே அளவில்தான் வரும். முதலில் அவருடைய வயது என்னவென்று பாருங்கள், அப்புறம் பொதுவான உறவினர்களில் தாத்தா பக்கத்தார் மட்டும் வருகிறார்களா, பாட்டி பக்கத்தார் மட்டும் வருகிறார்களா, இருவருமே வருகிறார்களா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். யாருடைய பெயரையும் போட வேண்டாம்.